பல்லும் பராமரிப்பும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்துப் பல் உள்வைப்புப் பற்றிய ஒரு சமூக நோக்கு

1

பல்லை இழத்தல் முதுமையின் இயல்பான அடையாளம் என்றே நமது சமூகத்தில் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. பல் போனால் சொல்லும் போகும் என்னும் வழக்கு இழப்பைப் பதிவுசெய்கின்றது. இழப்பின் காரணத்தை அது வினவவில்லை. செவ்விலக்கியங்கள் பல்லை முத்தாகவும் முல்லை அரும்பாகவும் கண்டன. உழைத்து உண்டு வாழும் உடலின் ஒரு கருவியாக அவை அதனைக் கண்டமை அரிது. எனினும் அன்றாடப் பராமரிப்புப் பற்றிய உணர்வு நம்மிடையே இல்லாதிருந்தது என்று கூறிவிட முடியாது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, காலையிற் பற்கோலாற் பல் துலக்குவதை ஒழுக்க விதிகளுள் ஒன்றாக வைத்தது. ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியெனச் சொல்லும் பழமொழி அதே அறிவை ஏட்டுக்கு வெளியே, மக்கள் நாவிற் பேணி வந்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. இழந்த பல்லின் இடத்திலே, தாடை என்பினுள் உலோக வேரொன்றைப் பதித்து, அதன்மேற் புதிய பல்லை நிறுத்தும் சிகிச்சை உலகெங்கும் பரவியுள்ளது. ஆங்கிலத்தில் 'இம்பிளான்ட்' எனப்படும் இதனைப் பல் உள்வைப்பு என்று நாம் இக்கட்டுரையில் வழங்குவோம். மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் இதுபற்றிய பேச்சைக் கேட்கமுடிகின்றது. மத்திய கிழக்கிலே உழைத்துத் திரும்பியவர்கள், கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள், கொழும்பிற் சிகிச்சை பெறும் வசதி படைத்தோர் ஆகியோர் வழியாக இச்சொல் ஊர்களுக்குள் வந்து சேர்ந்துள்ளது. "பூட்டிவிட்டால் இனிப் பல்லைப்பற்றிக் கவலையில்லை" என்ற எண்ணமும் கூடவே வந்து சேர்ந்துள்ளது. இவ்வெண்ணம் தவறானது. உள்வைப்பு பராமரிப்பின் முடிவன்று. வாழ்நாள் முழுவதும் நீடிக்கவேண்டிய ஒரு பராமரிப்பின் தொடக்கமாகும். அப்பராமரிப்பு தனிமனிதரின் நல்லொழுக்கம் மட்டுமன்று, ஒரு சமூகத்தின் சுகாதார அமைப்பையும் பொறுத்ததாகும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர் மருத்துவப் பொருள்பற்றி எழுதுவது பொருத்தமோ என்று சிலர் வினவலாம். மானிப்பாயிலே பணிபுரிந்த சாமுவேல் கிறீன் (1822–1884) மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களாக்கியும் சென்றார். கிழக்கின் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) அறிவியற் கலைச்சொல்லாக்கத்திலே முன்னின்று உழைத்தார். அறிவியலை மக்கள் மொழியில் விளக்குதல் மக்களின் உரிமையோடு தொடர்புடைய பணியென்பதை இம்முயற்சிகள் உணர்த்துகின்றன.

2

முதலில் உள்வைப்பு என்பது யாதென நோக்குவோம். இதன் நவீன வரலாறு சுவீடனைச் சேர்ந்த பேர்-இங்வர் பிறனெமார்க்கின் ஆய்வுகளோடு தொடங்குகின்றது. 1950களின் தொடக்கத்தில் அவர் முயல்களின் என்பினுள் நுண்ணோக்கும் கருவிகளைப் பொருத்திக் குருதியோட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்தபின் டைட்டேனிய உலோகத்தாலான கருவியைக் கழற்ற முற்பட்டபோது, என்பு அதனோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்திருக்கக் கண்டார். பொதுவாக உடல் தன்னுட் புகுந்த அந்நியப் பொருளை விலக்கவே முயலும். டைட்டேனியத்தின் மேற்பரப்பில் உருவாகும் ஒட்சைட்டுப் படையோ என்புக் கலங்கள் அதன்மீது நேரடியாக வளர இடமளித்தது. இதனை என்பிணைவு எனலாம். 1965ஆம் ஆண்டிலே இவ்வடிப்படையில் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் உள்வைப்புச் செய்யப்பட்டது. 1982இல் டொரொன்டோவில் நடைபெற்ற மாநாட்டின் பின்னரே இம்முறை உலகப் பல் மருத்துவத்தின் பொது அங்கீகாரத்தைப் பெற்றது.

உள்வைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. என்பினுட் பதிக்கப்படும் திருகாணி போன்ற வேர் முதலாவது. முரசின் ஊடாக மேலெழும் இணைப்புத் துண்டு இரண்டாவது. கண்ணுக்குத் தெரியும் பல்முடி மூன்றாவது. வேர் பதிக்கப்பட்டபின் என்பு அதனைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை காத்திருக்கவேண்டும். நன்கு திட்டமிட்டுச் செய்யப்படும் உள்வைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பத்தாண்டுகளின் பின்னரும் நிலைத்திருக்கின்றன என ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டுப்பல்லோடு ஒப்பிடுமிடத்து இதன் சிறப்புத் தெளிவானது. கட்டுப்பல் முரசின்மேல் அமர்கின்றது; அதன் கீழேயுள்ள என்பு ஆண்டுதோறும் தேய்கின்றது. உள்வைப்போ மெல்லும் விசையை என்பிற்குக் கடத்தி, அத்தேய்வைக் குறைக்கின்றது.

ஆயினும், நிலைத்திருத்தல் வேறு, நலமாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள அதே 1965ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்வுக்கும், அதன் தொடர்ச்சியாக நமது மலையகத்திற்கும் நாம் செல்லவேண்டியுள்ளது. ஏனெனில் உள்வைப்பைக் காக்கும் வழிபற்றிய அறிவின் வேர்கள் முரசுநோய் பற்றிய ஆராய்ச்சியிலேயே உள்ளன. அவ்வாராய்ச்சியின் பெரும் அத்தியாயமொன்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே எழுதப்பட்டது.

3

1965இல் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரிலே ஹரால்ட் லோ என்னும் நோர்வேஜிய அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். நலமான முரசையுடைய பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்திக்கொண்டனர். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அனைவருக்கும் முரசு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் அது நீங்கிற்று. பல்லின்மேற் படியும் நுண்ணுயிர்ப் படலமே முரசழற்சியின் காரணம் என்பது இதனால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

அழற்சியைக் கவனியாது விட்டால், ஆண்டுக்கணக்கில் யாது நிகழும் என்பதே அடுத்த வினா. பன்னிரு தொண்டர்களை வைத்து இதற்கு விடைகாண இயலாது. சிறந்த பற்சிகிச்சை பெறும் ஒரு மக்கட் கூட்டமும் எதனையும் பெறாத மற்றொரு கூட்டமும் தேவைப்பட்டன. முன்னது ஒஸ்லோவிலே, மாணவரும் கல்வித்துறையினருமான ஆண்களிடையே 1969இல் தெரிவுசெய்யப்பட்டது. பின்னது இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களிலே, 480 ஆண் தொழிலாளரைக் கொண்டதாக 1970இல் தெரிவுசெய்யப்பட்டது. இத்தொழிலாளர் பற்தூரிகை கொண்டு துலக்கும் வழக்கமற்றவர்கள்; பல்நோய்த் தடுப்போ சிகிச்சையோ அவர்களை எட்டியிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1978இல் வெளியான ஒப்பீட்டின்படி, நாற்பது வயதை அணுகும் நோர்வேயரின் பற்களில் முரசுப் பிடிப்பின் இழப்புச் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டியிருந்தது. அதே வயதையணுகும் தோட்டத் தொழிலாளரிடையே அது நாலரை மில்லிமீற்றராக இருந்தது. பதினைந்தாண்டு அவதானிப்பின் முடிவுகள் 1986இல் வெளியாயின. தொழிலாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப்பேரிடம் நோய் விரைந்து முன்னேறிற்று. எண்பத்தொரு பேரிடம் நடுத்தர வேகத்தில் முன்னேறிற்று. பதினொரு பேரிடம் முரசழற்சிக்கு அப்பால் அது செல்லவேயில்லை. நாற்பதாண்டுகளின் பின் 2010இல் எஞ்சியோரை மீண்டும் தேடியபோது எழுபத்தைந்து பேரையே பரிசோதிக்க முடிந்தது.

இம்முடிவுகளை நாம் இருவகையில் வாசித்தல் வேண்டும். ஒருபுறம், நோயின் போக்கினைப் புறச்சூழல் மட்டுமே தீர்மானிப்பதில்லை. ஒரே தோட்டத்தில், ஒரே வகை உழைப்பில் ஈடுபட்டு, ஒரே வகைப் புறக்கணிப்புக்குள்ளானோருள்ளும் உடலியல் வேறுபாடுகள் தொழிற்பட்டன. இதனை ஏற்க மறுப்பது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். மறுபுறம், அப்பதினொரு பேரை நீக்கினால் எஞ்சுவோர் எண்பத்தொன்பது பேர். அவர்கள் அனைவரும் இழந்தது, பற்தூரிகையும் ஆண்டுக்கு இருமுறைப் பற்காரை அகற்றலும் கிடைத்திருந்தால் பெருமளவு காக்கக்கூடியதாயிருந்த ஒன்றையே. இன்று உலகின் பல் மருத்துவ மாணவர் அனைவரும் கற்கும் முரசுநோயின் 'இயற்கை வரலாறு' எதுவோ, அது சிகிச்சை மறுக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வாயிலிருந்து பெறப்பட்ட வரலாறாகும். அதனை இயற்கை என்பதா சமூகம் என்பதா என்பது சிந்தித்தற்குரியது.

4

இவ்வறிவு உள்வைப்புக்கு எவ்வாறு பொருந்துகின்றது? உலோகத்திற்குச் சூத்தை பிடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் உலோகத்தைச் சூழவுள்ள முரசும் என்பும் உயிருள்ளவை. இயற்கைப் பல்லின் மீது படியும் அதே நுண்ணுயிர்ப் படலம் இதன்மீதும் படிகின்றது. முதலில் சூழவுள்ள முரசு சிவந்து, தொட்டவுடன் குருதி கசிகின்றது. இக்கட்டத்தில் துப்புரவு செய்தால் நோய் மீளக்கூடியது. 1965ஆம் ஆண்டுப் பரிசோதனை காட்டிய உண்மை இங்கும் பொருந்துகின்றது. கவனியாது விட்டால் அழற்சி என்பைச் சென்றடைகின்றது, என்பு கரைகின்றது, கரைந்த என்பு தானாக மீள்வதில்லை. 2015இல் வெளியான தொகுப்பாய்வொன்று, உள்வைப்புப் பெற்றோருள் நூற்றுக்கு நாற்பத்துமூன்று பேரிடம் முதலாம் கட்டத்தையும் இருபத்திரண்டு பேரிடம் என்பிழப்புக் கட்டத்தையும் மதிப்பிட்டது.

இயற்கைப் பல்லைவிட உள்வைப்பு ஒருவகையில் எளிதில் தாக்குண்ணக்கூடியது. இயற்கைப் பல் என்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நாரிழையம் ஒன்று இடையே நின்று அதனைத் தாங்குகின்றது. அவ்விழையம் குருதியோட்டம் மிக்கது. கடிக்கும் விசையை உணரவல்லது. உள்வைப்புக்கு அது இல்லை. முரசின் நார்கள் இயற்கைப் பல்லின் வேரினுட் புகுந்து அதனை இறுகப் பற்றுகின்றன. உலோகத்தையோ அவை சூழ்ந்து மட்டும் நிற்கின்றன. ஆதலால் அழற்சி எளிதாக ஆழத்திற்குச் செல்கின்றது. பல்லரிப்பவருக்கும் பாக்கைப் பல்லாற் கடித்து உடைப்பவருக்கும் உள்வைப்பு எச்சரிக்கை தராமலே சேதமடையலாம். வலி பெரும்பாலும் பிந்தியே வருகின்றது. 'வலிக்கவில்லை, ஆகவே நன்றாயிருக்கிறது' என்னும் அன்றாட அளவுகோல் இங்கு நம்பத்தக்கதன்று.

5

இனிப் பராமரிப்பு முறைகளை நோக்குவோம்.

பதித்த முதல்நாளில் வாயைப் பலமாகக் கொப்பளித்தலும் காயத்தை நாவால் அல்லது விரலால் தொடுதலும் கூடாது. கன்னத்தின் வெளிப்புறத்தில் குளிரொத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். கஞ்சி, நன்கு குழைந்த சோறு போன்றவற்றை ஆறவைத்து, காயமில்லாத பக்கத்தால் உண்ணுதல் நன்று. மறுநாள் தொடங்கி இளஞ்சூட்டு உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். வைத்தியர் தந்த கிருமிநீக்கிக் கொப்பளிப்பு நீரை அவர் கூறிய நாட்களுக்கு மட்டும் பயன்படுத்தவேண்டும். என்பு பற்றிக்கொள்ளும் மாதங்களில் புகைத்தலும் வெற்றிலை புகையிலை மெல்லுதலும் சிகிச்சையின் பலனையே குலைக்கும்.

பல்முடி பொருத்தப்பட்டபின் நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடமாவது, மென்மையான பற்தூரிகையாலும் புளோரைட்டுப் பற்பசையாலும் துலக்கவேண்டும். பல்முடியும் முரசும் சந்திக்கும் விளிம்பே முக்கியமான இடம். தூரிகையை அவ்விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்தல் வேண்டும். பல்லிடுக்குகளைத் துப்புரவு செய்யாமல் விட்டால் துலக்கியும் பயனில்லை. இதற்கெனவுள்ள சிறு தூரிகைகளில், நடுக்கம்பி பிளாஸ்டிக் உறையிட்டதைத் தெரிதல் வேண்டும்; வெறுங்கம்பி உலோக மேற்பரப்பைக் கீறும். பல உள்வைப்புகளை இணைத்துக் கட்டிய பல்வரிசையாயின், அதன் அடியால் நுழைத்து இழுக்கக்கூடிய தடித்த பல்லிடை நூல் பயன்படும்.

நமது கிராமங்களில் உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள் ஆகியவற்றாற் பல் துலக்கும் பழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. இப்பொருள்கள் கரடுமுரடானவை, பல்முடியின் மெருகைத் தேய்ப்பவை, தேய்ந்த இடத்திற் படலம் மேலும் எளிதாகப் படியும். ஆதலால் இவை உள்வைப்புக்கு ஏற்றவையல்ல. வேப்பங்குச்சி வழக்கத்தை இழிவாகக் கருதவேண்டியதில்லை. ஆயின் அதனால் பல்லிடுக்கையும் முரசோரத்தையும் உரியவாறு சென்றடைய இயலாது. மரபைப் போற்றுதலும் அதன் எல்லையை உணர்தலும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையல்ல.

ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் வைத்தியரிடம் செல்லுதல் அவசியமாகும். நீரிழிவு உடையோர், புகைப்போர், முன்னர் முரசுநோயாற் பல் இழந்தோர் ஆகியோர் மூன்று அல்லது நான்கு மாதத்திற்கு ஒருமுறை செல்லவேண்டியிருக்கும். பல்முடி பொருத்திய காலத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பாதுகாத்துவைத்தல் வேண்டும். பின்வரும் படங்களை அதனோடு ஒப்பிட்டே என்பிழப்பை அறியமுடியும். துலக்கும்போது குருதி, சீழ், துர்நாற்றம், முரசு வீக்கம், பல்முடி ஆடுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் காலந்தாழ்த்தலாகாது. ஆடுவது திருகு தளர்ந்த பல்முடியாக இருப்பின் எளிதிற் சரிசெய்யலாம்; வேரே ஆடினால் பெரும்பாலும் அதனை அகற்றவேண்டியே நேரும்.

இங்கு நமது பிரதேசத்துக்குச் சிறப்பாக உரிய ஒரு விடயத்தைக் குறிப்பிடல் வேண்டும். உள்வைப்புகள் பல நிறுவனங்களால் வெவ்வேறு அளவிலும் திருகமைப்பிலும் செய்யப்படுகின்றன. ஒன்றின் உதிரிப்பாகமும் கருவியும் பெரும்பாலும் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. கட்டாரிலோ சென்னையிலோ சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவருக்குத் திருகு தளருமாயின், எந்த வகை என அறியாத வைத்தியர் யாது செய்ய முடியும்? ஆகவே உள்வைப்பின் பெயர், அளவு, பதித்த திகதி ஆகியன எழுதப்பட்ட அட்டையைக் கேட்டுப் பெறுதல் நோயாளியின் உரிமையாகும்.

6

இவ்வறிவுரைகள் யாவும் ஒரு நிபந்தனையை முற்கோளாகக் கொண்டுள்ளன: செல்லுதற்கு ஓரிடமும் செல்லுதற்கு நேரமும் இருத்தல் வேண்டும் என்பதே அது. மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையிலே நகரும் சந்தையும் போதனா வைத்தியசாலையும் அமைந்துள்ளன. சூரியன் படும் பக்கமான படுவான்கரையோ வயலும் மேய்ச்சல் நிலமும் நிறைந்தது. நெல்லும் பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வந்தன. கல்வியும் மருத்துவமும் அதே வேகத்தில் மேற்கே செல்லவில்லை. மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014இலேயே. அதுவரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அவ்விடத்தில் வாவியைப் படகிலேயே கடந்தனர். போர்க்காலத்தில் அக்கடத்தலே ஒரு சோதனையாயிருந்தது. அக்காலத்தில் பல்நோவு கண்டவருக்குக் கிடைத்த சிகிச்சை பெரும்பாலும் ஒன்றே: பல்லைப் பிடுங்குதல். இன்று நடுவயதினராயுள்ள பலரின் கொடுப்புப் பற்களின் வெறுமை அவ்வரலாற்றின் தடயமாகும்.

வெற்றிலையையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். வெற்றிலை வட்டா நமது பிரதேசத்தின் மங்கல நிகழ்விலும் அமங்கல நிகழ்விலும் வரவேற்பின் சின்னம். ஆயின் இரவில் வாவியில் வலைவீசும் மீனவரும் வயலிற் குனிந்து நிற்கும் பெண்களும் புகையிலை சேர்த்து மெல்லுவது சடங்குக்காக மட்டுமன்று. பசியையும் அயர்ச்சியையும் மரக்கச்செய்யும் மலிவான வழியும் அதுவே. பாக்கு மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னிற்கின்றது. நெடுங்காலம் பாக்கு மெல்லுவோருக்கு வாயின் உட்சவ்வு இறுகி, வாயைத் திறப்பதே அரிதாகலாம். அந்நிலையில் உள்வைப்புக்கு வேண்டிய கருவிகளை உள்ளே கொண்டுசெல்லவே இயலாது. எனவே வெற்றிலை மெல்லுவோர் உள்வைப்பைப்பற்றி எண்ணுமுன் வாய்ப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளல் இன்றியமையாதது. அதே வேளை, உழைப்பின் நிலைமைகளைத் தொடாமல் பழக்கத்தை மட்டும் கண்டிக்கும் பிரசாரம் பாதி உண்மையையே பேசுகின்றது.

இலங்கையின் இலவசச் சுகாதார சேவை மக்கள் போராடிக் காக்கவேண்டிய அரிய பேறு. அரச வைத்தியசாலைகளிற் பல் பிடுங்கலும் நிரப்பலும் பற்காரை அகற்றலும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவிற் பயிற்றப்படத் தொடங்கிய பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பல தலைமுறைப் பிள்ளைகளின் பற்களைக் காத்துள்ளனர். உள்வைப்போ பெரும்பாலும் தனியார் துறைக்கு உரியதாகவே உள்ளது. அதன் பாகங்கள் இறக்குமதிப் பண்டங்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது ரூபாய் வீழ்ந்த வேகம், இறக்குமதியை நம்பிய சிகிச்சை யாவும் நாளாந்தக் கூலி பெறுவோருக்கு எட்டாக்கனியாவது எவ்வளவு எளிது என்பதைக் காட்டிற்று.

இந்நிலையில் இரு தவறான முடிவுகளுக்கு நாம் வரக்கூடும். உள்வைப்பு வசதி படைத்தோரின் அலங்காரம், நமக்கு அதனால் ஆவதென்ன என்று ஒதுக்குவது ஒன்று. மெல்லவும் பேசவும் கூச்சமின்றிச் சிரிக்கவும் இயலுதல் அலங்காரமன்று. விபத்திலோ போரிலோ நோயிலோ தாடையின் பகுதியை இழந்தோருக்கு அது வாழ்வை மீளப்பெறுதலாகும். இச்சிகிச்சை பரவினால் பற்பிரச்சினை தீர்ந்துவிடும் என நம்புவது மற்றொன்று. முரசுநோயைத் தடுக்காத சமூகத்தில், இயற்கைப் பல்லை இழக்கச்செய்த அதே நிலைமைகள் செயற்கைப் பல்லையும் இழக்கச்செய்யும்.

7

ஆகவே நாம் வேண்டி நிற்பவை எளியவை. படுவான்கரைக் கிராமங்களுக்கு ஒழுங்கான நாட்களில் செல்லும் நடமாடும் பற்சிகிச்சைச் சேவை வேண்டும். பாடசாலைப் பற்சிகிச்சை தொலைக் கிராமத்துப் பிள்ளைகளையும் தவறாது சென்றடைதல் வேண்டும். எங்கு உள்வைப்புப் பெற்றவராயினும் அவருக்கு வேண்டிய துப்புரவும் பரிசோதனையும் அரச வைத்தியசாலையிற் கிடைத்தல் வேண்டும். விபத்தாலும் நோயாலும் தாடை சிதைந்தோருக்கு உள்வைப்பே இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். இவையனைத்தையும் பற்றி எளிய தமிழிலே துண்டுப்பிரசுரங்கள் வெளிவரல் வேண்டும். இப்பணியிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் வைத்தியரோடு கைகோக்கலாம்.

தேயிலைத் தோட்டத்தின் 480 தொழிலாளர், தாம் அறியாமலே உலகின் பற்களைக் காக்கும் அறிவுக்கு வழிசெய்தனர். அவ்வறிவு சொல்வது சுருக்கமானது: நாள்தோறும் துப்புரவு, காலந்தோறும் கண்காணிப்பு. இதனை அறிவதற்கு இனியொருமுறை புறக்கணிக்கப்பட்டோரின் வாயை ஆய்வுகூடமாக்க வேண்டியதில்லை. அறிந்ததை அவர்தம் பிள்ளைகளுக்கும் வாவியின் மேற்குக்கரை வரையிலான உழைக்கும் மக்கள் அனைவருக்கும் கொண்டு சேர்ப்பதே எஞ்சியுள்ள பணியாகும்.